எஞ்சிய மாதங்களின் கணக்கு

வீட்டுக்குக் குடிவரும் நாளில் இருக்கும் இன்முகம் காலி செய்யும் நாளில் இருப்பதில்லை. வரும்போது பால் காய்ச்சி, வீட்டுக்காரருக்கும் ஒரு குவளை கொடுத்து, 'உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போல இருந்துகொள்கிறோம்' என்று சொல்லி நுழைகிறோம். போகும்போது, சுவரில் நாம் அடித்த ஆணிகளை அவர் எண்ணுகிறார். அவர் மாற்றித் தராத ஓடுகளை நாம் எண்ணுகிறோம். அதிலும், பேசிய காலம் முடியுமுன்னரே போக நேர்ந்துவிட்டால் வருத்தம் இரட்டிப்பாகிறது. 'மூன்று ஆண்டு என்று சொல்லித்தானே வந்தீர்கள்' என்பது அவர் நியாயம். 'சூழ்நிலை மாறிவிட்டதே' என்பது நமது நியாயம். இரண்டும் உண்மையே. ஆனால், இவ்விரு உண்மைகளுக்கும் நடுவே எத்தனை ரூபாய் கைமாற வேண்டும் என்ற கேள்விக்கு அவற்றில் எதுவுமே விடை சொல்வதில்லை.

பங்குப் பணியில் இருப்போரிடம் வந்து சேரும் வழக்குகளில், திருமணப் பேச்சுக்கும் பாகப்பிரிவினைக்கும் அடுத்த இடம் வாடகை வழக்குக்குத்தான். தொகை சிறியதாக இருக்கலாம். ஆயின், அதனால் அறுந்துபோகும் உறவு சிறியதாக இருப்பதில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒரே கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டு, பத்தாயிரம் ரூபாயை முன்னிட்டுப் பத்தாண்டு பேசாதிருக்கும் குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகவேதான் இந்தச் சிறிய பொருளைப் பற்றிச் சற்று விரிவாக எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பெண்களுக்கான தையற்பயிற்சி நிலையம் ஒன்றை நமது பங்கின் சார்பில் திருவரங்குளத்தில் நடத்திவந்தோம். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் அமைந்த ஊர் அது. சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பெண்கள் பேருந்தில் வந்துபோக வசதியாயிருந்தது. முதன்மைச் சாலையை ஒட்டி ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. உரிமையாளர் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். நம் சமயத்தவர் அல்லர். மாத வாடகை 4,000 ரூபாய். முன்பணம் 40,000 ரூபாய். காலம் மூன்று ஆண்டுகள். இடையில் காலி செய்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்று ஒரு வரியும் ஒப்பந்தத்தில் இருந்தது. முத்திரைத்தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டதோடு சரி, பதிவு செய்யவில்லை. நம் ஊர்களில் உள்ள வழக்கம் அதுதான்.

நிலையம் நன்றாகவே நடந்தது. ஆனால், பொருளுதவி செய்துவந்த அமைப்பு ஒன்று தன் திட்டத்தை இடையிலேயே முடித்துக்கொண்டது. எஞ்சிய தையற்பொறிகளைப் பங்கு இல்லத்துக்கே கொண்டுவந்து சிறிய அளவில் பயிற்சியைத் தொடர்வதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது இருபது மாதங்கள் கழிந்திருந்தன. பதினாறு மாதங்கள் எஞ்சியிருந்தன.

பங்கு நிதிக்குழு கூடியபோது இரண்டு கருத்துகள் எழுந்தன. நீதிமன்றப் பழக்கமுள்ள ஓர் அன்பர் சொன்னார்: "சாமி, இந்தப் பத்திரம் செல்லாது. பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடலாம். அட்வான்ஸை அவர் திருப்பித் தந்தே ஆக வேண்டும்." அவர் சொன்னதில் சட்டம் இருந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 107ஆம் பிரிவில், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவுப் பத்திரத்தின் மூலமே அமையவேண்டும் என்கிறது. பத்திர எழுத்தர்கள் 'பதினோரு மாதம்' என்று எழுதுவதன் மறைபொருளும் இதுவே. பதிவில்லாத நீண்டகாலப் பத்திரத்தை நம்பிக் குடியிருந்து மாதாமாதம் வாடகை கொடுத்துவந்தால், அது மாத வாடகைக் குடியிருப்பாகவே கொள்ளப்படும். ஐந்தாண்டுக் குத்தகைப் பத்திரம் ஒன்று பதிவாகாமற்போன கேரள வழக்கில், உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் இவ்வழியிலேயே தீர்ப்பளித்தது. மாத வாடகைக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, பதினைந்து நாள் முன்னறிவிப்புப் போதும் என்பது அதே சட்டத்தின் 106ஆம் பிரிவு.

மற்றோர் அன்பரின் கருத்து நேர்மாறானது: "கோயில் பெயர் கெட்டுப்போகக்கூடாது சாமி. நாற்பதாயிரம் போனால் போகட்டும். விட்டுவிட்டு வந்துவிடுவோம்."

இரண்டுமே எளிய வழிகள். இரண்டிலும் நம் மனம் ஒப்பவில்லை. முதல் வழியில், நாம் தந்த சொல்லுக்கு இடமில்லை. பத்திரம் பதிவாகாத குறை சட்டத்தின் கண்ணில் குறைதான். ஆயினும் 'மூன்று ஆண்டு இருப்போம்' என்று நாம் சொன்னதும், அதை அந்தப் பெரியவர் நம்பியதும் பதிவாளர் அலுவலகத்தில் நடந்தவை அல்ல. அவருடைய திண்ணையில் நடந்தவை. அவர் எதையாவது நம்பிச் செலவு செய்திருந்தால், அந்தச் செலவை முத்திரைத்தாளின் குறை அழித்துவிடாது.

இரண்டாம் வழி தாராளமாகத் தோன்றுகிறது. ஆனால், அந்த நாற்பதாயிரம் யாருடையது? திருவிழாக் காணிக்கையிலிருந்து ஒரு பகுதியும், மகளிர் குழுவினர் மாதம் ஐம்பது ரூபாயாகச் சேர்த்த சேமிப்பிலிருந்து ஒரு பகுதியுமாகத் திரட்டியது. பிறர் பணத்தில் நாம் பெருந்தன்மை காட்டுவது எளிது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1284ஆம் எண்ணில், திருச்சபைச் சொத்தை நிருவகிப்போர் நல்ல குடும்பத் தலைவருக்குரிய கவனத்தோடு செயற்படவேண்டும் எனப் பணிக்கிறது. நல்ல குடும்பத் தலைவர் கடனை மறுப்பதில்லை. கணக்குப் பாராமல் கொடுப்பதும் இல்லை.

'முன்பணத்தைத் திருப்பிக் கேட்கக்கூடாது' என்ற வரியைச் சட்டமும் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவில், உடன்பாட்டை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகை எழுதப்பட்டிருந்தால், அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே பெறலாம் என்று வரையறுக்கிறது. எழுதிய தொகை உச்ச வரம்பு, அதுவே விலையன்று. உச்ச நீதிமன்றம் 1963ஆம் ஆண்டிலேயே ஒரு தில்லி வழக்கில் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. அப்படியானால் கேள்வி மாறுகிறது. 'பத்திரத்தில் என்ன இருக்கிறது?' என்பது போய், 'நாம் முன்னதாகப் போவதால் அவருக்கு உண்மையில் என்ன இழப்பு?' என்பது வருகிறது. இக்கேள்விக்கு வழக்கறிஞர் விடை சொல்ல முடியாது. வீட்டுக்காரரே சொல்ல வேண்டும்.

ஆகவே, நிதிக்குழுவினர் இருவரோடு அவர் வீட்டுக்குச் சென்றோம். செய்தியைச் சொன்னதும் பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சாமி பார்த்து எது சொன்னாலும் சரி" என்றார். அந்தச் சொல் நமக்குச் சாதகமானதுதான். ஆனால், அது உடன்பாடன்று. அங்கிக்குக் காட்டிய மரியாதை. மரியாதையினால் வாயடைத்துப்போனவரிடம் பெற்ற சம்மதம், மிரட்டிப் பெற்ற சம்மதத்திலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. "நான் சொல்ல வரவில்லை அய்யா, கேட்க வந்திருக்கிறேன். எங்களை நம்பி என்ன செலவு செய்தீர்கள், நாங்கள் போனால் என்ன நட்டம், அதை முதலில் சொல்லுங்கள்" என்றோம்.

பெரியவர் தயங்கினார். கதவோரம் நின்றிருந்த அவருடைய மனைவியார் தயங்கவில்லை. "சாமி கேக்குறாகள்ல, சொல்லுங்க. கரண்டு இழுத்தோம், கக்கூஸ் கட்டுனோம், வெள்ளையடிக்கணும், அடுத்த ஆள் வர்ற வரைக்கும் வாடகையில்லாம கெடக்கும்" என்று விரல் மடக்கிச் சொல்லிவிட்டு, உள்ளே சென்று பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பேச்சு அப்போதுதான் உண்மையில் தொடங்கியது.

ஒவ்வொன்றாக எடுத்தோம். கழிப்பறைக்கு 30,000 ரூபாய் செலவு. அது வீட்டோடு நிற்கிறது. அடுத்து வருபவருக்கும் பயன்படும். வாடகையைக் கூட்டிக் கேட்கவும் உதவும். எனவே, அது நமது கணக்கில் வராது என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். வெள்ளையடிக்கும் செலவு, மூன்று ஆண்டும் முழுமையாக இருந்து காலி செய்திருந்தாலும் வந்திருக்கும்; முன்னதாகப் போவதால் வந்ததன்று. அதுவும் நீங்கியது. மும்முனை மின் இணைப்பு அப்படியன்று. தையற்பொறிகளுக்காக நாம் கேட்டதற்கிணங்கவே அவர் 18,000 ரூபாய் செலவிட்டு அதைப் பெற்றிருந்தார். குடியிருக்க வருபவருக்கு அது தேவைப்படாது. முப்பத்தாறு மாதங்களை நம்பிச் செய்த செலவு. மாதம் 500 ரூபாய் ஆகிறது. எஞ்சிய பதினாறு மாதங்களுக்கு 8,000 ரூபாய். அடுத்தவர் வர இரண்டு மாதமாவது ஆகும் என்றார் அம்மையார். அந்த ஊரில் அது மிகையான மதிப்பீடன்று. அதற்கு 8,000 ரூபாய். ஆக மொத்தம் 16,000 ரூபாய். முன்பணத்தில் மீதி 24,000.

அந்த முன்பணம் பெரியவர் கையில் இல்லை. மகள் பிரசவத்துக்குச் செலவாகியிருந்தது. 'உடனே கொடுங்கள்' என்று நாம் நெருக்கினால் அவர் வட்டிக்கு வாங்க வேண்டிவரும். எனவே, 10,000 ரூபாய் அம்மாத இறுதியில், எஞ்சிய 14,000 புதியவர் முன்பணம் தரும்போது, எப்படியானாலும் மூன்று மாதத்துக்குள் என்று பேசினோம். இரண்டு மாதத்துக்கு முன்னரே ஆள் வந்துவிட்டால் அந்த அளவுக்கு வாடகையை நமக்குத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் சேர்த்தோம். ஆள் தேடுவதில் நாமும் உதவுவதாகச் சொன்னோம். இவ்வளவையும் பழைய பத்திரத்தின் பின்பக்கத்திலேயே எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டோம். சாவி கைமாறிய நாளையும், மின் கட்டண எண்ணிக்கையையும் குறித்தோம்.

ஒரு மாதத்தில் உரக்கடை ஒன்று அந்த வீட்டுக்கு வந்தது. பெரியவர் 14,000 ரூபாயோடு, மிச்சமான ஒரு மாத வாடகை 4,000 ரூபாயையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஆக, பங்குக்கு ஆன செலவு 12,000. பத்திரத்தின் வரிப்படி அது 40,000 ஆகியிருக்கும். முன்னறிவிப்பு நோட்டீசின்படி ஏறக்குறைய ஒன்றுமே ஆகியிருக்காது. இவ்விரண்டுக்கும் நடுவே இருந்த அந்தத் தொகை எவரும் பாதிக்குப் பாதி பிரித்ததால் வந்ததன்று, எண்ணியதால் வந்தது.

இவ்வாறு எண்ணும் முறை நமக்குப் புதியதன்று. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தை, யூபிலி ஆண்டைப் பற்றிய அழகிய கனவாகவே பலரும் வாசிக்கிறோம். அதனுள் ஒரு கணக்குப் பாடமும் இருக்கிறது. அடுத்த யூபிலிக்கு ஆண்டுகள் பல இருந்தால் நிலத்தின் விலை கூடவேண்டும். சில இருந்தால் குறையவேண்டும். ஏனெனில், உண்மையில் விலைபேசப்படுவது எஞ்சியுள்ள அறுவடைகளே என்பது அதன் கருத்து. வறுமையால் நிலத்தை விற்றவர் இடையிலேயே அதை மீட்க வந்தால், விற்றபின் கழிந்த ஆண்டுகளைக் கணக்கிட்டு, மீதிக்குரியதை வாங்கியவருக்குக் கொடுத்துவிட்டுத் தம் நிலத்துக்குத் திரும்பலாம். கூலிக்குத் தம்மை விற்றவரின் விடுதலைக்கும் அதே கணக்கே சொல்லப்படுகிறது. இடையில் முடித்துக்கொள்பவர் மீது அங்கே சினமில்லை; தண்டனை இல்லை. கழிந்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்ற எண்ணிக்கை மட்டுமே உண்டு. ஒருவரையொருவர் ஏய்க்கலாகாது என்ற கட்டளை அந்தக் கணக்கின் நடுவிலேயே வைக்கப்பட்டிருப்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

ஒத்தி வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாக வருகிறது. வாடகை வீட்டில் குடியிருப்பவர் முன்பணத்துக்காக அஞ்சுகிறார். ஒத்தியில் வீட்டுக்காரர் அஞ்சுகிறார். மூன்று இலட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று ஆண்டுக்கு வீட்டைக் கொடுக்கிறார். வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. அந்தப் பணம் பெரும்பாலும் ஒரு திருமணத்திலோ, மகனின் வெளிநாட்டுப் பயணத்திலோ கரைந்துவிட்டிருக்கும். ஓராண்டில் ஒத்திக்காரருக்குப் பணிமாற்றம் வந்து, 'பணத்தைக் கொடுங்கள், போகிறேன்' என்றால், அவர் எங்கே போவார்? இங்கே உண்மையான இழப்பு, குறித்த நாளுக்கு முன்னரே பெருந்தொகையைத் திரட்ட வேண்டிய நெருக்கடிதான். அதற்கு மருந்து காலமே. புதிய ஒத்திக்காரர் கிடைக்கும்வரை பழையவர் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வதும், புதியவர் குறைவாகக் கொடுத்தால் அந்தக் குறையை வீட்டுக்காரர் தவணையில் அடைப்பதும், புதிய பத்திரச் செலவை முன்னதாகப் போகிறவர் ஏற்பதும் நியாயமாக அமையும். 'ஐம்பதாயிரம் பிடித்துக்கொள்வேன்' என்று கோபத்தில் சொல்லும் தொகைக்கும் இந்தக் கணக்குக்கும் பெரும்பாலும் தொடர்பு இருப்பதில்லை.

யாருமே விரும்பாமல் முடிந்துபோகும் குத்தகைகளும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்தன. காய்க்கு முன்பணம் கொடுத்துத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அரசு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அதில் 600 இழப்புக்கு, 500 சாய்ந்ததை அகற்ற. அது மரத்தின் கணக்கு. இனி என்றுமே பறிக்க முடியாத காய்களுக்குக் கொடுத்த பணத்தின் கணக்கு தனியே நின்றது. புயலாலோ வெள்ளத்தாலோ கட்டடம் பயன்படுத்தவே முடியாதபடி பெரிதும் நிலையாகவும் கெட்டுப்போனால், குடியிருப்பவர் விரும்பினால் குத்தகை முடிந்ததாகும் எனச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால், அந்த அத்தியாயம் வேளாண் குத்தகைகளுக்குத் தானாகப் பொருந்தாது என்று 117ஆம் பிரிவு விலக்கிவிடுகிறது. சட்டம் ஒதுங்கிக்கொண்ட இடத்தில் மனிதர்களே எண்ண வேண்டியிருந்தது. தோப்பை இழந்தவரும் பணத்தை இழந்தவரும் எதிரெதிரே அமர்ந்து, கழிந்த பருவம் எத்தனை, எஞ்சியது எத்தனை என்று பேசுவது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருவரில் எவரும் குற்றவாளி அல்லர். குற்றவாளி இல்லாத இழப்பைத் தனியொருவர் தலையில் முழுவதுமாக ஏற்றுவது நியாயமாகாது என்பதே அங்கே கற்கவேண்டிய பாடம்.

இனி, நடைமுறையில் நாம் செய்யக்கூடியவை சில. ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே, மனம் இனிமையாக இருக்கும்போதே, முன்னதாக முடித்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடலாம்: எத்தனை மாத முன்னறிவிப்பு, என்ன செலவை யார் ஏற்பது, முன்பணம் எந்நாளில் திரும்பும் என்று. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக அதைத் திருப்பித் தரவேண்டும் என்றும் சொல்கிறது. இதை நகரங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். போக வேண்டும் என்று முடிவானதும் அன்றே சொல்லிவிடவேண்டும். நாம் மறைத்துவைக்கும் ஒவ்வொரு வாரமும் அவர் ஆள் தேடக்கூடிய ஒரு வாரம். வீட்டுக்காரரும், வருகிறவரை வேண்டுமென்றே திருப்பியனுப்பிவிட்டு, வெறும் வீட்டுக்கு வாடகை கேட்கலாகாது. தடுத்திருக்கக்கூடிய இழப்பு இழப்பாகாது. பேசித் தீர்த்ததை எழுதிக்கொள்வது ஐயத்தின் அடையாளமன்று. நாளை நம் பிள்ளைகள் சண்டையிடாதிருக்க நாம் செய்யும் உதவி.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேச உட்காரும்போது நமது இழப்பைச் சொல்லித் தொடங்காமல், அவருடைய இழப்பைக் கேட்டுத் தொடங்குவோம். அதனால் நாம் ஏமாந்துபோவோம் என்ற அச்சம் வேண்டியதில்லை. தம் இழப்பை வாய்விட்டுச் சொல்ல இடம் கிடைத்தவர், பெரும்பாலும் அதைக் கூட்டிச் சொல்வதில்லை. எதிரே இருப்பவர் கேட்கமாட்டார் என்று எண்ணும்போதுதான் இரட்டிப்பாகச் சொல்கிறார். செலுத்த வேண்டியது எஞ்சிய மாதங்களுக்கு உரிய விலை. அதற்கு மேல் கேட்பது சினத்தின் விலை. அதற்குக் கீழே கொடுப்பது நம்பியவரின் பணம். இரண்டுமே நம் பெட்டியில் தங்கவேண்டியவை அல்ல.